நின்றுபோகும் எஞ்சினோடு பறந்த காலம்

மைக்ரோலைட் எனப்படும் மிக எடை குறைந்த சிறு விமானங்கள் வளர்ந்த கதையை எழுதுபவர்கள் இறக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் எஞ்சினிலிருந்து தொடங்குகிறேன். எண்பதுகளின் முதல் பாதியில் இங்கிலாந்தின் லங்காஷயரில் நாங்கள் பறந்தபோது, எஞ்சின் நிற்குமா என்று யாரும் கேட்டதில்லை. எப்போது நிற்கும், நிற்கும் நேரத்தில் கீழே என்ன இருக்கும் என்றுதான் கேட்டுக்கொண்டோம். அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டே பறந்ததால் முழு உடம்போடு வீடு திரும்பியவர்கள் நாங்கள். இன்று நூறு குதிரைத்திறன் எஞ்சினும் தொடுதிரை வரைபடமுமாகப் பறக்கும் இளைஞர்களுக்கு விமானம் நன்றாகத் தெரிகிறது. அந்தக் கேள்விதான் தெரியவில்லை. வயதானவனின் புலம்பல் என்று யாரேனும் ஒதுக்கினாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். நூற்பு இயந்திரங்களோடு புழங்கியவன். அந்தத் தொழில்தான் என்னை லங்காஷயருக்குக் கொண்டுபோனது. நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அங்கே ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று கைத்திறன் உள்ளவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். அவர்களிடம் நேரம் இருந்தது, பணம் இல்லை. மைக்ரோலைட் அந்த மண்ணில் வேர்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. வழக்கமான சிறு விமானத்தை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கும் காசில், இவர்கள் அலுமினியக் குழாயும் போல்ட்டும் வாங்கி எதையாவது செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் களத்தில் லாரி ஓட்டுநர் இருந்தார், முன்னாள் சுரங்கத் தொழிலாளி இருந்தார், ஒரு பல் மருத்துவரும் இருந்தார். விமானப் படையிலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

அவர்களில் பலர், எஞ்சின் இல்லாமல் துணி இறக்கையின் கீழே தொங்கிப் பறக்கும் ஹேங் கிளைடரில் தொடங்கியவர்கள். பெனைன் மலைச்சரிவுகளிலிருந்து குதித்துப் பறந்தவர்கள். அதில் ஒரு தொல்லை உண்டு. பறந்து முடித்ததும் இறக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் மலை ஏற வேண்டும். எஞ்சினைப் பற்றி அவர்கள் யோசித்தது மேகங்களைத் தொடும் ஆசையால் அன்று, இந்த நடையை மிச்சப்படுத்தத்தான்.

இறக்கையின் பூர்வீகம் அமெரிக்கா. பிரான்சிஸ் ரொகலோ என்ற விமானப் பொறியாளரும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948-இல் விறைப்பான சட்டம் எதுவும் இல்லாத ஒரு காற்றாடியை உருவாக்கினார்கள். அதன் முதல் வடிவம் சமையலறைத் திரைச்சீலைத் துணியில் தைக்கப்பட்டது. துணிக்காரனான எனக்கு இந்தச் செய்தியில் தனிப் பிரியம் உண்டு. அறுபதுகளில் நாசா இதே இறக்கையை ஜெமினி விண்கலங்களைத் தரையிறக்கப் பயன்படுத்தலாமா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பாராசூட்டுக்கே திரும்பிவிட்டது. 1963-இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரைச் சேர்ந்த ஜான் டிக்கன்சன், நீர்ச்சறுக்கு விளையாட்டுக்காக இதில் ஒரு முக்கோணச் சட்டத்தைப் பொருத்தினார். பறப்பவர் இறக்கையின் கீழே ஊசலாகத் தொங்கிக்கொண்டு, அந்தச் சட்டத்தின் அடித்தண்டைத் தள்ளியும் இழுத்தும் தன் உடல் எடையாலேயே திசையை மாற்றலாம். இன்று பெரும் விலை கொடுத்து வாங்கும் துணி இறக்கை மைக்ரோலைட்டிலும் அந்தத் தண்டு அப்படியே இருக்கிறது.

எஞ்சின் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் ஜான் மூடி. 1975 மார்ச்சில் விஸ்கான்சின் மாநிலத்தில், உறைந்த ஏரி ஒன்றின் மேலிருந்து, ஈரடுக்கு இறக்கை கொண்ட ஹேங் கிளைடரில் சிறிய எஞ்சினைக் கட்டிக்கொண்டு ஓடிப் பறந்தார். அடுத்த ஆண்டு ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அதைச் செய்துகாட்டியதும் அமெரிக்கா முழுக்கப் பற்றிக்கொண்டது. சக்கரம் கிடையாது. கால்தான் தரையிறங்கும் அமைப்பு. முதுகுக்குப் பின்னால் புரொப்பெல்லர் சுழல, எஞ்சினையும் இறக்கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கால் இடறினால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

இந்தத் தொடக்க காலத்தில் எஞ்சினை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய சிக்கல். ஹேங் கிளைடரின் நடுக்குழாயிலேயே அதைப் பொருத்தும் முறை பரவலாக இருந்தது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் பறப்பவரின் எடை கீழே தொங்குகிறது, தள்ளும் விசையோ மேலே இருக்கிறது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது இறக்கை வேகம் குறைந்து தூக்கும் விசையை இழந்து ஸ்டால் ஆனாலோ, காற்றுக் குலுக்கலில் பறப்பவர் ஒரு நொடி எடையற்றுப் போனாலோ, அந்த விசை மூக்கைக் கீழே அமுக்கிக் கவிழ்த்துவிடும். எடையால் கட்டுப்படுத்தும் விமானத்தில் எடை இல்லாத நொடியில் கட்டுப்பாடும் இல்லை. இதைப் புரிந்துகொள்வதற்குள் பலர் இறந்துபோனார்கள்.

தீர்வு எளிமையானது. எஞ்சினை இறக்கையிலிருந்து இறக்கி, இருக்கையோடும் மூன்று சக்கரங்களோடும் சேர்த்து ஒரே வண்டியாக்கி, அந்த வண்டியை இறக்கையின் நடுவில் ஒற்றை போல்ட்டில் தொங்கவிடுவது. இதுதான் டிரைக். அமெரிக்காவில் பேரி பால்மர் 1967-இலேயே இப்படி ஒன்றைச் செய்து பறந்திருக்கிறார், ஆனால் அது அவரோடு நின்றுவிட்டது. எழுபதுகளின் இறுதியில் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் மறுபடி முளைத்தபோதுதான் பரவியது. தள்ளும் விசை இப்போது மொத்த எடையின் மையத்துக்கு அருகில் வந்துவிட்டது. ஹேங் கிளைடர் ஓட்டத் தெரிந்தவர் தன் பழைய இறக்கையிலேயே இதைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். லங்காஷயரில் இது பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

நான் முதலில் பழகிய டிரைக்கின் இறக்கை ஒற்றை அடுக்குத் துணி. எஞ்சின் 250 சிசி அளவுள்ள டூ ஸ்ட்ரோக். மணிக்கு முப்பது முப்பத்தைந்து மைல் வேகம். எதிர்க்காற்று வலுத்தால் கீழே நெடுஞ்சாலையில் பால் வண்டிகூட நம்மை முந்திக்கொண்டு போகும். இருவர் அமரும் டிரைக்குகள் அப்போது எங்கள் பக்கம் இல்லை. பயிற்றுநர் தரையில் நின்றபடி கையசைத்துச் சொல்லிக்கொடுப்பார். முதலில் பறக்காமல் ஓட்டம் மட்டும். பிறகு இரண்டடி உயரத்தில் ஒரு தாவல். பிறகு களத்தின் நீளத்துக்கு ஒரு தாவல். ஒரு நாள் அவர், "இன்று கடைசியில் திரும்ப வேண்டாம், மேலே போங்கள்" என்றார். பயிற்சி முடிந்தது என்பதை அங்கே அப்படித்தான் சொன்னார்கள்.

இனி எஞ்சின். நம் ஊரில் பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து ஊற்றி மொபெட் ஓட்டியவர்களுக்கு டூ ஸ்ட்ரோக்கின் குணம் தெரிந்திருக்கும். தனி ஆயில் தொட்டி இல்லை. பெட்ரோலில் ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கு மசகு. எடைக்கு நிறைய சக்தி தரும், பாகங்கள் குறைவு, விலை குறைவு. ஆரம்பத்தில் கோ கார்ட், செயின் சா, பனிவண்டி எஞ்சின்களையே பறித்து மாட்டினார்கள். பனிவண்டி எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். அதைச் செய்தவர்கள் வானத்தை நினைத்துச் செய்யவில்லை. பிற்காலத்தில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் இந்தத் துறைக்கென்றே எஞ்சின் செய்தபோதும், இது எந்த நேரத்திலும் நின்றுபோகக்கூடும் என்று கையேட்டிலேயே அச்சிட்டது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

குளிர்காலத்தில்தான் அதிகம் நின்றது. இரண்டு காரணங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, கார்புரேட்டரில் ஜெட் என்ற அதே சிறு துளை வழியாக வரும் பெட்ரோல் அந்தக் காற்றுக்குப் போதாது. கலவை மெலியும், எரிதல் சூடேறும், பிஸ்டனின் தலையில் துளை விழும். எனவே குளிர்காலத்துக்கும் கோடைக்கும் ஜெட்டை மாற்ற வேண்டும். இரண்டாவது காரணம் இன்னும் தந்திரமானது. உயரத்திலிருந்து எஞ்சினை அடக்கி நீண்ட நேரம் இறங்கினால் சிலிண்டர் குளிர்ந்துவிடும். தரைக்கு அருகே வந்து திடீரென முழு வேகம் கொடுத்தால் அலுமினியப் பிஸ்டன் வேகமாக விரியும், சிலிண்டர் அதே வேகத்தில் விரியாது. பிஸ்டன் இறுகிக்கொள்ளும். மிகத் தேவையான நொடியில் எஞ்சின் கைவிடுவது இப்படித்தான்.

அதனால் நாங்கள் கற்றுக்கொண்டவை, இன்றும் டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும்: புறப்படும் முன் சூடாக்க அவசரப்படக் கூடாது. இறங்கும்போது முழுவதும் அடக்காமல் கொஞ்சம் சக்தி வைத்தே இறங்க வேண்டும், இடையிடையே சிறிது முடுக்கி வெப்பத்தைக் காக்க வேண்டும். புகைக்குழாய் வெப்பமானி இல்லாமல் பறக்கக் கூடாது. பறந்து வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் நல்லது, வெளிறியிருந்தால் கலவை மெலிவு, கறுத்து ஈரமாக இருந்தால் கலவை தடிப்பு. எண்ணெய் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் கேனில் வைத்துப் பயன்படுத்தக் கூடாது. இதெல்லாம் மெக்கானிக் வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு டூ ஸ்ட்ரோக் வேண்டாம்.

எனக்கு எஞ்சின் இறுகியது ஒரு ஜனவரி பிற்பகலில். சூடாக்கியிருந்தேன், ஜெட்டும் மாற்றியிருந்தேன், இருந்தும் இறுகியது. உயரம் அறுநூறு அடி இருக்கும். சத்தம் நின்றதும் முதலில் காதில் விழுந்தது கம்பிகளில் காற்று உரசும் ஒலி. தண்டை உள்ளே இழுத்து வேகத்தைப் பிடித்தேன். முன்பே கண்ணில் வைத்திருந்த புல்வெளிக்குத் திரும்பினேன். மாடுகள் வேலியோரம் ஒதுங்கிவிட, இறங்கி நின்றபோது, பண்ணைக்காரர் அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். "அடி எதுவும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்கள் ஆட்களில் இந்த மாதம் நீங்கள் மூன்றாவது" என்றார். பிறகு இறக்கையைச் சுருட்ட அவரே கைகொடுத்தார்.

இப்படி இறங்கிய இடத்திலிருந்து, எஞ்சின் சரியாகிவிட்டாலும், உரிமையாளரைக் கேட்காமல் மேலெழக் கூடாது. திறந்த கேட்டை மூடிவிட்டு வர வேண்டும். பயிரை மிதித்திருந்தால் காசு கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுகளில் ஒரு வட்டாரமே மைக்ரோலைட்டுகளை வெறுப்பதும் சகிப்பதும் இந்தச் சின்ன மரியாதைகளைப் பொறுத்தது. அதோடு எங்கள் பழைய எஞ்சின்களின் இரைச்சல் வேறு. சிறிய புரொப்பெல்லரை நேரடியாக எஞ்சின் வேகத்திலேயே சுழற்றியதால் எழுந்த கூச்சல் அது. பெல்ட் வைத்தும், பிறகு கியர்பாக்ஸ் வைத்தும் வேகத்தைக் குறைத்துப் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றத் தொடங்கிய பிறகு தள்ளுவிசையும் கூடியது, புகார்க் கடிதங்களும் குறைந்தன.

முன்பே கண்ணில் வைத்திருந்த புல்வெளி என்று சொன்னேன் அல்லவா, அதை விளக்க வேண்டும். அந்தக் கால டிரைக் எஞ்சின் இல்லாமல் ஓரடி இறங்குவதற்குள் ஐந்தடி முன்னே போகும். ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் நம் எல்லை. திரும்புவதற்கும் காற்றுக்கும் கழித்தால் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. மான்செஸ்டர், லிவர்பூல் விமான நிலையங்களுக்கு இடையே சிறு விமானங்களுக்கென ஒரு தாழ்வான பாதை உண்டு. எங்கள் நாட்களில் அங்கே கடல் மட்டத்திலிருந்து 1250 அடிக்கு மேல் ஏறக் கூடாது. கீழே நெடுஞ்சாலைகள், ரயில் பாதைகள், ஊர்கள். அந்தப் பாதையில் நேர்கோட்டில் பறந்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு என்று வளைந்து வளைந்துதான் போவோம். இப்போது இருக்கும் இடத்தில் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவேன் என்று எந்த நேரமும் விரல் நீட்டிக் காட்ட முடிய வேண்டும் என்பது எங்கள் பயிற்றுநரின் கட்டளை. பின்னாளில் இருவர் வண்டி வந்தபோது, பின்னிருக்கையிலிருந்து திடீரென்று "எங்கே?" என்பார். காட்ட இரண்டு நொடி தாமதித்தால் எஞ்சினை அடக்கிவிடுவார்.

வயல் தேர்வில் சில நுணுக்கங்கள். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவான வயலில் காற்று எப்படி இருந்தாலும் ஏற்றத்தை நோக்கியே இறங்குங்கள். குளம் இருந்தால் காற்றின் திசை தெரியும்: நீர் சலனமில்லாமல் கிடக்கும் கரையின் பக்கமிருந்துதான் காற்று வருகிறது. உயர்ந்து நிற்கும் பயிர் மேலிருந்து மெத்தை போலத் தெரிந்தாலும் சக்கரத்தைப் பிடித்து வண்டியைக் குப்புறத் தள்ளும். மேய்ந்து தரைதட்டிய புல்லே நல்லது.

அடுத்து இறக்கை. ஆரம்பகால ரொகலோ இறக்கைக்கு ஒரு கொடிய குணம் இருந்தது. மூக்கு அதிகமாகக் கீழே போனால் துணியில் காற்றழுத்தம் இல்லாமல் போய்விடும். இறக்கை கொடித்துணியாகப் படபடக்கும், தண்டை எவ்வளவு தள்ளினாலும் மூக்கு எழாது. இதற்குப் பல மருந்துகள் வந்தன. இறக்கையின் மேல் நிற்கும் நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து இறக்கையின் பின்விளிம்புக்குக் கயிறுகள் கட்டி, இறக்கை தாழும்போது பின்விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கச் செய்தார்கள். நுனிகளில் குச்சிகள் வைத்தார்கள். வளைத்த அலுமினியக் குச்சிகளைத் துணியின் உறைகளில் செருகி வடிவத்தை நிலைப்படுத்தினார்கள். இறக்கையை ஒரு வண்டியின் மேல் பொருத்தி, சாலையில் ஓட்டி, எந்தக் கோணத்தில் அது மூக்கைத் தூக்குகிறது என்று அளந்தார்கள். வளைந்த குச்சிகளையும் மெல்லிய கயிறுகளையும் பார்த்து, "இது எதற்கு, கழற்றிவிட்டால் வேகம் கூடுமே" என்று கேட்கும் புதியவர் எல்லாக் களத்திலும் ஒருவர் இருப்பார். அந்தக் கயிறுகளை ஒருபோதும் தொடாதீர்கள்.

துணி பாலியெஸ்டர். இந்த இழையை 1941-இல் கண்டுபிடித்தவர்கள் மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் பணியாற்றிய வின்ஃபீல்டும் டிக்சனும். பிரிட்டனில் டெரிலீன் என்றும் அமெரிக்காவில் டேக்ரான் என்றும் விற்றது. நாங்கள் பறந்துகொண்டிருந்த மாவட்டத்தின் கண்டுபிடிப்பே எங்கள் தலைக்கு மேல் விரிந்திருந்தது என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி, மற்றவர்களுக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. பாலியெஸ்டர் மழையைத் தாங்கும், இழுவையைத் தாங்கும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. வெளுத்துப்போவது தெரியும், வலுவிழப்பது தெரியாது. துணிக்கு முன்பே தையல் நூல் கெடும், ஏனென்றால் நூல் வெளியே புடைத்து நிற்கிறது. பிரிட்டனில் ஆண்டுச் சோதனையின்போது ஸ்பிரிங் தராசில் மாட்டிய ஊசியைத் துணியிலும் தையலிலும் குத்தி இழுத்துப் பார்க்கும் எளிய முறை ஒன்று இருக்கிறது. பழைய டிரைக் வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குவதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். எஞ்சினைப் பழுது பார்க்கலாம், வெயில் தின்ற இறக்கைக்குப் புது இறக்கைதான் மருந்து. அதன் விலை வண்டி முழுவதன் விலையையும் தாண்டிப் போவதுண்டு.

பிரிட்டனில் அந்த நாட்களில் விதிகள் மெல்லத்தான் வந்தன. வெற்று எடை 150 கிலோவுக்குள், ஒரு சதுர மீட்டர் இறக்கைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை கூடாது என்பது முதல் வரையறை. அமெரிக்காவில் 1982-இல் வந்த 103-ஆம் பகுதி விதி வேறு வழியில் போனது: ஒருவர் மட்டும், 254 பவுண்டு வெற்று எடை, ஐந்து கேலன் எரிபொருள், 55 நாட் வேகம். இதற்குள் இருந்தால் உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பிரிட்டன் உரிமம் கேட்டது. சில ஆண்டுகளில் விமானங்களின் வலுவுக்கும் செக்ஷன் எஸ் என்ற தரவரைவு வந்தது. களத்தில் எல்லோரும் திட்டினார்கள். சுதந்திரம் போயிற்று என்றார்கள். கார் ஷெட்டில் டிரைக் செய்து விற்றுவந்த சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் கடையைக் கட்டினார்கள். நானும் அப்போது அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். ஆனால் இறக்கை மடங்கி இறந்தவர்களின் செய்திகள் அதன் பிறகு அரிதாகிப்போயின. சுதந்திரத்தைப் பற்றிப் பேசியவர்களே செக்ஷன் எஸ் முத்திரை உள்ள வண்டியைத் தேடி வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இருவர் வண்டிகள், ஈரடுக்குத் துணி இறக்கைகள், நானூறு ஐந்நூறு சிசி ரோட்டாக்ஸ் எஞ்சின்கள் என்று எண்பதுகளின் நடுவில் எல்லாம் ஒன்றாக வந்தன. மெயினேர், பெகாசஸ் போன்ற பெயர்கள் நிலைத்தன. மாணவர் முன்னால், பயிற்றுநர் பின்னால் என்று ஒரே வண்டியில் பறக்கத் தொடங்கிய பிறகு பயிற்சி பயிற்சியாயிற்று. என்னைக் கேட்டால், எந்தப் புது இறக்கையையும்விட அதிக உயிர்களைக் காத்தது அந்த இரண்டாவது இருக்கைதான். தொண்ணூறுகளில் ரோட்டாக்ஸ் 912 என்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் டிரைக்குகளுக்கு வந்தது. எண்பது குதிரைத்திறன், பிறகு நூறு. அது கிட்டத்தட்ட நிற்பதே இல்லை.

நோய் ஒன்று தீர்ந்த இடத்தில் இன்னொன்று வந்தது என்பதுதான் நான் இத்தனை ஆண்டுகளில் கண்டது. எங்கள் பழைய டிரைக் முழு வேகத்திலும் சோம்பலாகவே ஏறும். 912 பூட்டிய டிரைக்கோ மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. நூறடி உயரத்தில் அந்த நிலையில் எஞ்சின் நின்றால், வேகம் கண் மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். தண்டை உடனே உள்ளே இழுத்து மூக்கைத் தாழ்த்த வேண்டும், தாழ்த்திய மூக்கு மறுபடி வேகம் பிடிக்கத் தேவையான உயரம் கீழே இருக்காது. எனவே முதல் முந்நூறு அடிவரை சக்தி மிச்சமிருந்தாலும் தாழ்ந்த கோணத்தில், நல்ல வேகத்தோடு ஏறுங்கள். களத்தில் நிற்பவர்கள் வாய் பிளக்கட்டும் என்று செங்குத்தாக ஏறிக்காட்டுபவரைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதேபோல், முப்பத்தைந்து மைலில் பறந்த வண்டியை எந்தக் காய்கறித் தோட்டத்திலும் இறக்கிவிடலாம். தொண்ணூறு மைலில் பறக்கும் இன்றைய சிறிய இறக்கைக்கு நீளமான வயல் வேண்டும். கீழே நூறு வயல் தெரிந்தாலும் பொருந்துபவை சிலவே. எஞ்சின் நிற்காது என்ற நம்பிக்கையில் கடலின் மேலும் காட்டின் மேலும் நேர்கோட்டில் போகிறார்கள். தொடுதிரையில் பாதையைத் தேடிக்கொண்டே விமான நிலையத்தின் தடை வெளிக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

இந்தச் சிறு வண்டிகளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டியவர்களையும் சொல்லாமல் விட முடியாது. டேவிட் குக் 1978-இல் எஞ்சின் பூட்டிய ஹேங் கிளைடரில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பிற்பாடு அவரே வடிவமைத்த ஷேடோ என்ற விமானத்தில் ஈவ் ஜாக்சன் என்ற பெண் 1986-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, மறு ஆண்டு ஆஸ்திரேலியா சேர்ந்தார். 1988-இல் நம் நாட்டுத் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா லண்டனிலிருந்து அகமதாபாத்துக்கு மைக்ரோலைட்டில் பறந்து வந்தார். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் களத்தில் எனக்கு ஏகப்பட்ட மரியாதை, நான் அவர் மைத்துனன் என்றே சிலர் நினைத்திருக்கக்கூடும். பத்தாண்டு கழித்து 1998-இல் பிரையன் மில்டன் டிரைக்கிலேயே உலகைச் சுற்றிவந்தார்.

துணி இறக்கையின் கீழே தொங்காத இன்னொரு குடும்பமும் உண்டு. வாலும் சுக்கானும் வைத்து, கைத்தண்டாலும் கால் மிதிகளாலும் ஓட்டும் வகை. அமெரிக்காவின் குவிக்சில்வர் முதலில் எடையால் ஓட்டிய ஹேங் கிளைடர்தான். தொங்குபட்டையிலிருந்து சுக்கானுக்குக் கயிறு போகும், உடலை ஒருபக்கம் நகர்த்தினால் சுக்கான் திரும்பும். மெல்ல மெல்ல அது முழு விமானமாகியது. வீட்ஹாப்பர் என்ற இன்னொரு அமெரிக்க வண்டியின் வழியில் பிறந்ததுதான் எக்ஸ் ஏர். அதைச் செய்தது பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம். லங்காஷயரில் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில், பெங்களூரிலிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்து அவர் விமானம் பூட்டுவதைப் பார்த்தபோது, இதற்காகவா நான் இத்தனை தூரம் வந்தேன் என்று சிரித்துக்கொண்டேன். பின்னர் ஊருக்கு வந்தபோது பெங்களூர் ஜக்கூர் ஓடுதளத்தில் அதே வகை விமானம் நிற்பதைப் பார்த்தேன்.

டிரைக்கில் பழகியவர் இந்த வகைக்கு மாறும்போது கவனம் தேவை. டிரைக்கில் தண்டைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு தாழும், வேகம் கூடும். மற்றதில் இழுத்தால் மூக்கு எழும். டிரைக்கில் தண்டை இடப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கம் திரும்பும். மற்றதில் இடம் என்றால் இடம். தரையில் ஓடும்போது மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் கால்களும் இப்படியே தலைகீழ். அமைதியாகப் பறக்கும்போது மூளை சமாளித்துவிடும். குலுக்கலிலோ, தரைக்குச் சில அடி மேலேயோ கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். ஒரே வார இறுதியில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களைப் பார்த்து நீங்களும் செய்ய வேண்டாம். மாறும்போது பயிற்றுநரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைக்கில் வேறொரு தொல்லை, புரொப்பெல்லர் முதுகுக்குப் பின்னால் இருப்பது. நம்மிடமிருந்து நழுவும் எதுவும் நேராக அதற்குள்தான் போகும். நண்பர் ஒருவரின் பயணி, கையுறையைக் கழற்றிக் கேமராவைச் சரிசெய்தார். மரப் புரொப்பெல்லரின் ஒரு நுனி போயிற்று, அதிர்வில் எஞ்சினே பிய்ந்துவிடும்போல் ஆகிவிட்டது. உடனே எஞ்சினை நிறுத்தியதால் தப்பினார்கள். பைகளுக்கு ஜிப், கேமராவுக்கும் வரைபடத்துக்கும் கழுத்துக் கயிறு, தலைமுடியும் துப்பட்டாவும் உடைக்குள். முதன்முறை பயணியாக வருபவரின் பைகளை நான் கையால் தடவிப் பார்த்த பிறகே ஏற்றுவேன், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.

இப்போது பிரிட்டனில் மைக்ரோலைட் என்ற வரையறைக்குள் மொத்த எடை 600 கிலோவரை அனுமதிக்கிறார்கள், 2021-லிருந்து. மூடிய அறை, ஹீட்டர், வண்ணத்திரை எல்லாம் வந்துவிட்டன. விலையைக் கேட்டால் எங்கள் லாரி ஓட்டுநர் சிரித்திருப்பார். ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒருவர் மட்டும் அமரும், வெற்று எடை 115 கிலோவுக்குட்பட்ட வண்டிகளுக்கு 2007-இல் தகுதிச் சான்றிதழ் தேவையில்லை என்று விலக்களித்தார்கள். 254 பவுண்டு என்ற அமெரிக்க எல்லையும் அதே எடைதான். 2014-இல் அந்த விலக்கு எடை கூடிய ஒற்றை இருக்கை மைக்ரோலைட்டுகளுக்கும் விரிந்தது. உரிமம் வேண்டும், வண்டியைச் சோதிப்பது அவரவர் பொறுப்பு. இதனால் கார் ஷெட்களில் தூங்கிய பழைய ஒற்றை இருக்கை டிரைக்குகள் மறுபடி விற்பனைக்கு வருகின்றன. கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு நல்ல வாய்ப்பு, எனக்கும் பிடித்த மாற்றம்.

அப்படி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் போவேன். எத்தனை மணி நேரம் பறந்தது என்பதற்கு முன், எத்தனை ஆண்டு சும்மா கிடந்தது என்று கேட்பேன். துணியையும் தையலையும் பார்த்த பின் இறக்கையின் குழாய்களை உருட்டி வளைவு பார்ப்பேன், உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடிப்பேன். இறக்கையை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் முனையிலுள்ள உலோகப் பிடிக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுவேன், ஓரிழை அறுந்திருந்தாலும் விரலில் குத்தும். தொங்கு போல்ட்டை விற்பவர் எதிரிலேயே கழற்றச் சொல்வேன். தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்குள் அது மாற்றப்பட்டதற்குப் பதிவேட்டில் சான்று இல்லையென்றால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் புதிது போட வேண்டும். அதைக் காக்கும் மாற்றுப் பட்டையையும் சேர்த்து. கடைசியாக எரிபொருள் ரப்பர் குழாய்கள். சும்மா கிடந்த வண்டியில் அவை உள்ளுக்குள் உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். மொத்தக் குழாயையும் வடிகட்டியையும் மாற்றச் சில பவுண்டுதான் ஆகும். அதை மாற்றும்வரை ஓடுதளத்தில் உருட்டிப் பார்க்கக்கூட நான் எஞ்சினை இயக்க விடுவதில்லை.